சாடிக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் நிற்பவர்

ஓகஸ்ட் 4, திங்கள்

பிரஷரைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால் இந்தக் கொப்பி. இன்று கூடுதல். காரணத்தையும் எழுதினால்தான் டொக்டருக்கு விளங்கும்.

வங்கியில் நீண்ட வரிசை. பக்கத்தில் நூதனசாலை. உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, நுழைவதற்கு எதுவும் கேட்பதில்லை. இத்தனை வருடம் சிப்பிமுனையில் இருந்தும் நான் அதற்குள் போனதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போவது சமூகக்கல்வி ரீச்சர். நான் நெட்போல் ரீச்சர், என் பிள்ளைகள் மைதானத்தில்தான் நிற்பார்கள்.

பெரிய ஒல்லாந்தச் சாடி ஒன்று, துருப்பிடித்த நங்கூரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய புகைப்படம். எங்கள் ஆள் ஒருவர். சுருள் முடி, அகன்ற நெற்றி, இடது காது மட்டும் எதையோ ஒட்டுக் கேட்பதுபோல வெளியே நிற்கிறது. நெஞ்சு வரைதான் படம். கீழே எழுதியிருந்தது: “காப்பிரி ஆள். பெயர் தெரியாது. ஒல்லாந்தர் காலம்.”

காப்பிரி என்ற சொல்லில் எனக்குக் கோபம் இல்லை. போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் வெள்ளைக்காரனும் ஆபிரிக்காவிலிருந்து படையில் சேர்க்கவும் பாரம் தூக்கவும் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் இங்கேயே விட்டுவிட்டுப் போன சனத்தின் பிள்ளைகள் நாங்கள். கோவிலுக்குப் பின்னால் எங்கள் வீடுகள் இருக்கின்றன. எங்களுக்குள் நாங்களே அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொள்கிறோம். கோபம் வந்தது மற்ற இரண்டுக்கும். ஒல்லாந்தனிடம் கமரா இருந்ததா? பெயர் தெரியாது என்று எழுத முன்னம் கோவிலுக்குப் பின்னால் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்டால் என்ன?

அந்தக் காது எனக்குத் தெரியும். அது என் அப்பாவின் காது. அப்படியென்றால் அவர் அப்பாவின் தாத்தா சைமன் மார்த்தேலு.

பொறுப்பதிகாரி அஸ்மீர் தம்பியிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, எழுந்து நின்று கேட்டார். எழுத்தை மாற்றக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும், ஆறு மாதம் ஆகும், சில வேளை ஒரு வருடமும் ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் “எந்தக் காது?” என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

ஓகஸ்ட் 6, புதன்

பிரஷர் இறங்கியிருக்கிறது.

நூதனசாலையில் யாரோ ஒருவர் அந்தப் பழைய எழுத்தின் மேல் அழகான கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார்: “சைமன் மார்த்தேலு. படைவீரர், பாடகர். சிப்பிமுனை.” யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் நல்ல கையெழுத்து உள்ளவர்கள் எத்தனையோ பேர்.

செபப் புத்தகத்தின் அட்டை கிழிந்திருந்ததால் ஒரு கம் போத்தல் வாங்கினேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

சூடை மீன் மலிவு. செபப் புத்தகம் இன்னும் கிழிந்தபடிதான் இருக்கிறது.

ஓகஸ்ட் 11, திங்கள்

துண்டைக் கிழித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கணினியில் அச்சடித்து, லெமினேட்டும் செய்த அட்டை: “எலியாஸ் சல்வதோர். படைவீரர். சிப்பிமுனை.”

லெமினேட் செய்யும் குணம் இந்த ஊரில் ஒருத்திக்குத்தான் உண்டு. கரண்ட் பில்லையும் லெமினேட் செய்து வைப்பவள். இவருடைய அக்கா எமரென்சியா, என் மச்சாள். சல்வதோர் என்பது இவர்கள் குடும்பம். எலியாஸ் இவர்களுடைய பூட்டன்.

டொக்டர் கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன். எமரி மச்சாளோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது. அவளுடைய மகளின் கலியாணத்துக்கு இவர் மேளத்தைத் துடைத்து வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் கலியாணம் என்றால் மஞ்சா பாடாமல் முடியாது. மேளம், போத்தல், கரண்டி, சிரட்டை எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பாடுகிற பாட்டு. பாதிச் சொல்லுக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது, ஆனால் கால் சும்மா இருக்காது. முதல் நாள் மச்சாள் ஆள் அனுப்பினாள், மாப்பிள்ளை வீட்டார் சிலாபத்தில் கௌரவமான குடும்பம், பாட்டு வேண்டாம், மேளத்தையும் வாங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டிலேயே பூட்டி வைக்கப் போவதாக. நான் கலியாணத்துக்குப் போய், சாப்பிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வந்தேன். அதற்குப் பிறகும் பேசவில்லை.

எங்கள் முகத்தைச் சம்பந்திக்குக் காட்ட வெட்கப்பட்டவள் இப்போது நூதனசாலைச் சுவரில் வந்து இவர் எங்கள் பூட்டன் என்கிறாளா? ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவளைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமும் இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

சைமன் திரும்பி வந்துவிட்டார். இந்த முறை நாலு மூலையிலும் நல்லாக ஒட்டியிருக்கிறது.

அஸ்மீர் தம்பியின் மேசை படத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆனாலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் போனால் சரியாக அந்த நேரத்தில் அவருக்குப் பின்பக்கம் போய்ப் பூனைக்குச் சாப்பாடு வைக்கிற வேலை வந்துவிடுகிறது. அந்த நூதனசாலையில் பூனை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

எலியாஸ்.

ஓகஸ்ட் 18, திங்கள்

சைமன். மீன் சந்தையில் நிற்கும்போது “இண்டைக்கு யார், ரீச்சர்?” என்று கேட்கிறார்கள். ஊர்ச்சனம் பார்க்கப் போகிறதாம். சாடியையும் நங்கூரத்தையும் பார்க்க ஒருவரும் வந்ததில்லை, இப்போது வாசலில் செருப்பு நிறைகிறது என்று அஸ்மீர் தம்பி சொன்னார். குறை சொல்கிறவர் முகமாக அது இருக்கவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு விஷயம் யோசித்தேன். நான் எப்போது போகிறேன் என்பது மச்சாளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. நான் இதை யாரிடமும் சொல்வதில்லை. இந்தக் கொப்பியில் மட்டும்தான் எழுதுகிறேன். கொப்பி அலுமாரியின் மேல் இருக்கிறது. இந்த வீட்டில் இருப்பது நானும் இவரும்தான், கோழிகளுக்கு வாசிக்கத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, நூதனசாலை திறந்த உடனே போய்ப் பெரிய மட்டையில் சைமன் மார்த்தேலுவின் முழு வரலாற்றையும் ஒட்டப் போகிறேன்.

ஓகஸ்ட் 21, வியாழன்

வீட்டில் மிளகாய் காயவைத்தேன். முற்றம் கூட்டினேன். எங்கும் போகவில்லை.

எமரி மச்சாள் காலையிலிருந்து மூடும் வரைக்கும் நூதனசாலையில் அந்தப் படத்துக்கு முன்னால் குடையைப் பிடித்தபடி நின்றாளாம். வீட்டுக்குள் குடை எதற்கு என்று எனக்குத் தெரியாது. அஸ்மீர் தம்பி கதிரை கொடுத்தும் இருக்கவில்லையாம்.

கபிரியேல் சல்வதோர் அவர்களே, வாசித்தது போதும். தேங்காய் துருவ வாருங்கள்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

இவர் நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. தேங்காய் மட்டும் நல்லாகத் துருவிக் கொடுக்கிறார். உளவு பார்ப்பவர்களுக்கு இந்த வீட்டில் ஒரு வாரம் பாணும் சம்பலும்தான்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

அஸ்மீர் தம்பி வீட்டுக்கு வந்தார். ஒக்டோபரில் “எங்கட ஊர், எங்கட சனம்” என்று ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். ஊரில் இருக்கிற ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு மேசை. எங்கள் மேசையை நாங்களே வைக்க வேண்டும், என்ன வைப்பது, என்ன எழுதுவது எல்லாம் எங்கள் இஷ்டம். அதற்குக் கொழும்பு அனுமதி வேண்டாமா என்று கேட்டேன். நிரந்தரக் காட்சிக்குத்தான் வேண்டும், தற்காலிகம் என்று எழுதினால் வேண்டாம் என்றார். எவ்வளவு காலம் தற்காலிகம் என்றேன். அதை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். இந்தப் பிள்ளையை நான் சரியாகக் கணக்குப் போடவில்லை.

படத்தின் முழுப் பிரதி ஒன்றையும் கொழும்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறாராம். இங்கே இருப்பது அளவுக்கு வெட்டியதாம்.

ஒரு நிபந்தனை வைத்தார், இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று. நான் தனியாகவே செய்வேன் என்று சொன்னேன். அவர் அதைக் கேட்காதவர் மாதிரித் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

மேசைக்கு வைக்கச் சாமான் தேடி வீடு வீடாகப் போனேன். சோனகர் மேசைக்குப் பழைய பித்தளைச் செம்பும் பட்டுச் சால்வையும் வருகிறதாம். மீன்பிடிச் சனத்துக்குத் தோணியே வருகிறது. எங்கள் வீடுகளில் என்ன இருக்கிறது? கொண்டுவரப்பட்டவர்கள் எதையும் கொண்டு வரவில்லை. எனக்குக் கிடைத்தது நெளிந்த கரண்டிகள், சாராயப் போத்தல், பாதிச் சிரட்டைகள். சிரட்டைகளைக் கூடையில் போட்டு வரும்போது பாதிரியார் பார்த்து, அடுப்பெரிக்கவா என்று கேட்டார்.

மேளம் ஒன்று இருந்தால் மேசை நிறையும். அது மச்சாள் வீட்டில்.

செப்ரெம்பர் 3, புதன்

மேளத்தைக் கேட்டுவர இவரை அனுப்பினேன். மேளம் இல்லாமல் வந்தார். ஆனால் விரலில் இறால் குழம்பு மணத்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். பேரன் தவழுகிறான் என்றார். மேளத்தைப் பற்றி என்ன சொன்னாள் என்றேன். முன்பல் இரண்டு வந்துவிட்டது என்றார்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

எலியாஸ். இந்த முறை பூப்போட்ட கரையோடு.

செப்ரெம்பர் 12, வெள்ளி

கொழும்பிலிருந்து முழுப்படம் வந்துவிட்டது. அஸ்மீர் தம்பி போன் பண்ணிக் கூப்பிட்டார். நான் போகும்போது மச்சாளும் அங்கே நின்றாள். நான் சாடிப் பக்கம் நின்றேன், அவள் நங்கூரப் பக்கம்.

அஸ்மீர் தம்பி உறையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். 

அதே முகம், அதே காது. ஆனால் படம் நெஞ்சோடு நிற்கவில்லை. கையில் பலகை, பலகையில் ஓர் இலக்கம். முட்டி வரைக்கும் சாக்கு மாதிரி ஒரு துணி. வெறுங்கால். வலது கணுக்காலில் இரும்பு வளையம், அதிலிருந்து ஒரு சங்கிலி படத்துக்கு வெளியே போகிறது. பின்னால் இருப்பது படைமுகாம் இல்லை, சிறைச்சாலைச் சுவர். வெள்ளைக்காரன் காலம். அரசாங்க உப்பளத்தில் உப்பு எடுத்ததற்காக ஆறு மாதத் தண்டனை என்று கொழும்பிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. பெயர் எங்கும் இல்லை.

மச்சாள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானும் வந்துவிட்டேன். கோழிக்கு அரிசி போட்டேன். பிரஷர் பார்க்கவில்லை.

செப்ரெம்பர் 13, சனி

படத்துக்குக் கீழே இப்போது ஒரு துண்டும் இல்லை என்று இவர் சொன்னார். சைமனும் இல்லை, எலியாஸும் இல்லை. பழைய “பெயர் தெரியாது” மட்டும் கம் படிந்து நிற்கிறதாம்.

சாப்பிடும்போது இவர் மெதுவாக, யோசித்துப் பார்த்தால் அந்தக் காது உங்கட பக்கத்துக் காதுதான் என்றார். அந்த நெற்றியைப் பார், அது அசல் சல்வதோர் நெற்றி என்று நான் சொன்னேன். அவர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு மாதமாக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மனிசனை இப்போது இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறோம். இதைச் சிரிப்பதற்காக எழுத ஆரம்பித்தேன். சிரிப்பு வரவில்லை.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

அஸ்மீர் தம்பி கேட்டார், கண்காட்சிக்கு எந்தப் படம், வெட்டியதா முழுதா என்று. வெட்டியதே போதும், பார்க்க மரியாதையாக இருக்கும் என்றேன். அவர் சரி என்று சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் படம், எங்கள் மேசை, அவருக்கு என்ன?

மீன் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பளத்தில் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கிற இந்த ஊரில், அந்தக் காலத்தில் கரையில் தானாக விளைந்த உப்பை ஒரு பிடி அள்ளினாலும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அப்பா சொன்ன ஞாபகம் வந்தது. எல்லா உப்பும் அரசாங்கத்தின் உப்பு. கரையிலே இருக்கிறவனும் கடையில் வாங்கித்தான் போட வேண்டும்.

அந்த மனிசன் எவ்வளவு நேரம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருப்பார்? அசையாமல் நில் என்று அந்த நாட்களில் கன நேரம் நிற்பாட்டி வைப்பார்களாம். படத்தில் அவர் அசையவே இல்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

செப்ரெம்பர் 20, சனி

எமரி மச்சாள் வந்தாள்.

வெயிலில் படலைக்கு வெளியே குடையோடு நின்றாள். கூப்பிடவில்லை. கோழிகள் கத்தியதால்தான் எட்டிப் பார்த்தேன். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை, படலையைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, தான் எப்போதும் இருக்கிற அதே பலகையில் இருந்தாள்.

“மச்சாள், அந்த முழுப்படத்தை வைக்க வேணாம். என்ன கேட்டாலும் தாறன். மேளத்தையும் தாறன்.”

ஏற்கெனவே வெட்டிய படத்தைத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

பிறகுதான் அவள் சொன்னாள். மகளுக்குப் பிறந்த பேரன் ஜெரோமுக்குத் தலை முழுக்கச் சுருள். எங்கள் முடி. சம்பந்தியம்மா திரேசம்மா பிள்ளையைப் பார்க்க வருகிற போதெல்லாம் எண்ணெய் வைத்துச் சீப்பால் அழுத்தி அழுத்திப் படியவைக்கிறாளாம். அது பிள்ளை சிரித்ததும் திரும்ப எழும்பி நிற்குமாம். ஒருநாள், இந்த முடி எந்தப் பக்கத்தால் வந்தது என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம்.

“எனக்கு அது தாங்கேல்ல. வாங்க காட்டுறன் எண்டு சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போனன். இங்க ஒரு படம் இருக்கு எண்டு என்ர தம்பி கபிரியேல் சொன்னவன். இதுதான் என்ர பூட்டன், படைவீரன், இந்தப் பக்கத்தால வந்தது எண்டு சொன்னன். கீழ பார்த்தா சைமன் மார்த்தேலு. அவ எழுத்துக் கூட்டி வாசிச்சா, மச்சாள். சை… மன்… எண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன். மச்சாள் என்னை முறைத்தாள், பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் அடுப்படியில் இருந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பால்தான் வந்தது. புகையும் இருந்தது.

அது அச்சுப் பிழை என்று சம்பந்தியிடம் சமாளித்துவிட்டு நேரே லெமினேட் கடைக்குப் போனாளாம். இப்போது திறப்பு விழாவுக்குச் சம்பந்தியம்மா குடும்பத்தோடு வருகிறாள். படைவீரன் என்று சொன்ன பூட்டன் காலில் சங்கிலியோடு நின்றால் என்ன சொல்வது?

“அண்டைக்கு மேளம் வேணாம் எண்டு பூட்டி வச்சன். அது இப்ப பிள்ளைட தலையில வந்து நிக்குது.”

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன், அவளும் கேட்காமல் குடித்தாள். நான் சொன்னேன், காலை மறைத்தால் பிறகு முடியையும் மறைக்க வேண்டி வரும் என்று. சொல்லும்போதே, நாலு நாளுக்கு முன்னம் நான் அஸ்மீர் தம்பியிடம் சொன்னதை நினைத்துக் காது சுட்டது. உங்களுக்குச் சம்பந்தி இல்லை, நீங்கள் சொல்லுவீர்கள் என்றாள் மச்சாள். அதுவும் நியாயம்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இவர் குசினி வாசலில் தேங்காய்ப் பாதியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்ததைப்போலப் பேசினார்.

“அவர் எடுத்தது உப்பு. வீட்டில பானை கொதிச்சிருக்கும், போட உப்பில்ல, வாசலில மலைபோல கிடந்திருக்கும். எடுத்திட்டார். அதுக்கு ஆறு மாசம் சங்கிலியில நிண்டவரை நாங்களும் காலில்லாமல் வெட்டிறதா?”

 பிறகு மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் கீழே எலியாஸ் சல்வதோர் என்றே போடுவோம் என்றாள். சைமன் மார்த்தேலு என்றேன் நான். இவர் தேங்காயோடு வெளியே போய்விட்டார்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அஸ்மீர் தம்பிக்குப் போன் பண்ணி முழுப்படத்தையே போடச் சொன்னேன். அதைத்தான் ஏற்கெனவே பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன் ரீச்சர் என்றார்.

செப்ரெம்பர் 27, சனி

மச்சாள் மேளத்தைக் கொண்டுவந்தாள். கூடவே இறால் குழம்பும். அன்று இவருடைய விரலில் மணத்தது இதுதான். புளி கொஞ்சம் கூட. ஆனாலும் மூன்று பேரும் சட்டியை வழித்தோம்.

ஒக்டோபர் 4, சனி

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று இன்று முழுக்கச் சண்டை. மச்சாள் “குற்றம் சாட்டப்பட்டார்” என்று போடச் சொன்னாள், நான் “எடுத்தார்” என்றே போட வேண்டும் என்றேன். பள்ளிக்கூட விசிலை எடுத்து ஊதியும் பார்த்தேன், அவள் அடங்கவில்லை. கடைசியில் எழுதியது இது:

“இவர் பெயர் தெரியாது. அரசாங்கத்தின் உப்பை எடுத்ததற்காக ஆறு மாதம் சிறையில் இருந்தார். மார்த்தேலு வீட்டார் இவரைத் தங்கள் பூட்டன் என்கிறார்கள், சல்வதோர் வீட்டாரும் அப்படியே சொல்கிறார்கள். இரண்டு வீட்டாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.”

கடைசி வசனம் அஸ்மீர் தம்பி சேர்த்தது. லெமினேட் செய்தது யாரென்று எழுதத் தேவையில்லை.

ஒக்டோபர் 11, சனி

திறப்பு விழா.

எங்கள் மேசைதான் எல்லாவற்றிலும் ஏழை மேசை. பட்டுச் சால்வைக்கும் தோணிக்கும் நடுவில் சிரட்டையும் கரண்டியும். பிரமுகர் ஒருவர் வந்து குனிந்து பார்த்து, இவை எந்த நூற்றாண்டுச் சாமான்கள் என்று கேட்டார். போன மாதத்துச் சிரட்டை, தேங்காய் நாங்கள் தின்றுவிட்டோம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

சாமான் இல்லாதவர்கள் சத்தம் போடத்தானே வேண்டும். இவர் மேளத்தில் கை வைத்தார். நான் போத்தலும் கரண்டியும். கோவிலுக்குப் பின்னால் இருக்கிற சனம் முழுக்க வந்து நின்று பாடியது. பாட்டுத் தொடங்கும்போது வாசலில் சிலாபத்துக் குடும்பம் வந்து இறங்கியது. நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் கையில் இரண்டு சிரட்டை இருந்தது. ஒரு கணம் அதை முந்தானைக்குள் மறைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வாசலைப் பார்த்தபடியே தட்டத் தொடங்கினாள். சல்வதோர் ஆட்களுக்குத் தாளம் கொஞ்சம் முந்தும், ஆனால் பிழையில்லை.

பாட்டு முடிந்ததும் திரேசம்மா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி படத்துக்கு முன்னால் வந்தாள். தடித்த கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிசி. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய படம். முகத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கீழே காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாங்கள் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். சத்தமாகத்தான். அவள் “சிறையில்” என்று வாசித்தபோது மச்சாளின் நகம் என் கையில் இறங்கியது. தடம் இன்னும் இருக்கிறது.

திரேசம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டாள்.

“எவ்வளவு உப்பு?” என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியாது என்று இவர் சொன்னார்.

“ஆறு மாசம் போட்டிருக்கிறான் எண்டா மூட்டையாத்தான் தூக்கியிருக்க வேணும். எங்கட பக்கத்தில ஒரு பிடி, ரெண்டு பிடி எண்டு இடுப்பில முடிஞ்சுகொண்டு வந்து பிடிபட்ட ஆக்கள்தான். இவர் தைரியமான மனிசன்.”

 எங்களைக் கட்டிப் பிடிக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. பணிஸும் தேத்தண்ணியும் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள். மச்சாள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

கால் வலி. ஆடியது அப்படி.

ஒக்டோபர் 16, வியாழன்

மேசையில் தூசு தட்ட நானும் மச்சாளும் நூதனசாலைக்குப் போனோம். தூசு என்று ஒன்றும் இருக்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று தரம் போகிறோம்.

ஜன்னலால் பார்த்தால், திரேசம்மா தனியாக வருகிறாள். இடுப்பில் பிள்ளை. இந்த ஊரில் இருக்கிற தன் மகன் வீட்டில் இன்னும் இரண்டு நாள் நிற்கிறாளாம். ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியவில்லை, நாங்கள் இருவரும் ஓடிப்போய் அந்தப் பெரிய சாடிக்குப் பின்னால் குந்திக்கொண்டோம். இந்த வயதில். அஸ்மீர் தம்பி எங்களைப் பார்த்தார், திரேசம்மாவைப் பார்த்தார், பூனைக்குச் சாப்பாடு வைக்கப் போய்விட்டார்.

திரேசம்மா சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் இல்லை. சுருள் எல்லாம் தன்பாட்டுக்கு நின்றது. அவள் பிள்ளையைத் தூக்கிப் படத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பார் ராசா. உன்ர அம்மம்மாட பூட்டன். இந்த முடி அவர் தந்தது. உப்பு மூட்டை தூக்கின மனிசன், லேசான ஆள் இல்ல.” பிள்ளை படத்தை அடித்தது. அவள் அதன் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். “ஆனா இந்த மூக்கு எங்கட. எடுப்பான மூக்கு. இது சிலாபத்து மூக்கு.”

எனக்குப் பக்கத்தில் மச்சாள் மூச்சை இழுப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் திறந்துவிட்டது, அது சல்வதோர் மூக்கு என்று கத்தத்தான் போகிறாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கடித்துவிட்டாள்.